ஊமத்தை இலைப் புகையா, இன்ஹேலரா? இளைப்புக்காரர் வீட்டில் எடுக்க வேண்டிய முடிவு

ஊமத்தை இலைப் புகை இளைப்பைத் தணிக்குமா என்று கேட்பவர்களிடம், தணிக்கும் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. சிக்கலும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. பயனற்ற சரக்காக இருந்திருந்தால் இரண்டு நாள் இழுத்துப் பார்த்துவிட்டு ஆட்கள் தாமாகவே விட்டிருப்பார்கள். இரவெல்லாம் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே கழித்த மனிதர், நான்கு இழுப்புக்குப் பிறகு நெஞ்சு இளகிப் படுத்துத் தூங்குவதைப் பார்த்த வீட்டில், அதை நிறுத்தச் சொல்வதற்கு யாருக்கும் மனம் வருவதில்லை.

என் சித்தப்பா வீட்டில் நடந்ததும் இதுதான். 68 வயது, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பீடி குடித்து, மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகே விட்டவர். மருத்துவர் எழுதிக் கொடுத்த இன்ஹேலரை, பழகிவிட்டால் விட முடியாது என்ற அச்சத்தில் அலமாரியில் வைத்துவிட்டு, தெரிந்தவர் ஒருவர் சுருட்டிக் கொடுத்த ஊமத்தை இலையை இழுக்க ஆரம்பித்தார். முதல் வாரம் நன்றாகவே இருந்தது. இரண்டாம் வாரம் ஒரு நாள் மூச்சுத் திணறல் கூடுதலாக இருக்கவே அடுத்தடுத்து மூன்று சுருட்டுகளை இழுத்தார். அன்றிரவு நாக்கு வறண்டு, முகம் சிவந்து, உடல் கொதித்து, இல்லாத ஒருவரோடு பேசிக்கொண்டு, போர்வையிலிருந்து எதையோ பொறுக்கி எடுப்பது போல விரல்களை அசைத்துக்கொண்டே இருந்தார். சிறுநீர் அடைத்துக்கொண்டது. மருத்துவமனையில் சிறுநீர்க் குழாய் போட்டு, இரண்டு நாள் கண்காணிப்பில் வைத்திருந்துதான் அனுப்பினார்கள். அதன் பிறகு குடும்பத்தில் எழுந்த விவாதத்தில், புகையா, கஷாயமா, ஆவியா, இன்ஹேலரா என்ற கேள்வியை ஒழுங்காக எடைபோட்டுப் பார்க்கும் வேலை என்னிடம் வந்தது. இந்தக் கட்டுரை அந்த எடைபோடலிலிருந்து வந்தது.

முதலில் ஊமத்தைக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். சிவனுக்குரிய மலர் என்று கோயிலிலும், தின்றால் பித்துப் பிடிக்கும் என்று தெருவிலும் ஒருசேர அறியப்பட்ட செடி இது. உன்மத்தம் என்ற சொல்லின் நிழல் அதன் பெயரிலேயே இருக்கிறது. அதன் இலை, பூ, விதை, வேர் எல்லாவற்றிலும் அட்ரோபின், ஹயோசயமின், ஸ்கோபோலமின் என்ற மூன்று காரப் பொருள்கள் (ஆல்கலாய்டுகள்) உள்ளன. மூச்சுக்குழாயைச் சுற்றியிருக்கும் தசைக்கு, சுருங்கு என்ற கட்டளையை வேகஸ் நரம்பு அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் வழியாக அனுப்புகிறது. அந்தக் கட்டளை தசையில் இறங்கும் இடத்தை இந்தக் காரப் பொருள்கள் அடைத்துக்கொள்கின்றன. கட்டளை சேராததால் தசை தளர்கிறது, குழாய் விரிகிறது. நம்பிக்கையின் பேரில் சொல்லப்படும் விளக்கமன்று இது. ஊமத்தைச் சிகரெட்டின் புகையை ஆஸ்துமா நோயாளிகளுக்குக் கொடுத்து, அவர்களுடைய மூச்சுக்குழாய் விரிவதை அளந்து காட்டிய ஆய்வு 1979ஆம் ஆண்டு தோராக்ஸ் என்ற மருத்துவ இதழில் வெளிவந்திருக்கிறது.

இந்தப் புகை மேலை நாடுகளுக்குப் போன வழியிலும் நம் ஊர் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை மருத்துவத் துறைக்குத் தலைவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், இளைப்புக்கு ஊமத்தையைப் புகைக்கும் இந்திய வழக்கத்தை அறிந்து அதைப் பரிந்துரைத்தார். அவரிடமிருந்து தெரிந்துகொண்ட ஜெனரல் ஜென்ட் என்ற படை அதிகாரி 1802இல் அதை பிரிட்டனுக்குக் கொண்டு சேர்த்தார். அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளுக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆஸ்துமா சிகரெட் என்ற பெயரிலும், தட்டில் கொளுத்தி முகர்கிற பொடியாகவும் அது மருந்துக் கடைகளில் விற்கப்பட்டது. பிரெஞ்சு எழுத்தாளர் மார்செல் புரூஸ்ட் தம் அறையை அடைத்துக்கொண்டு இத்தகைய பொடியைப் புகைத்து வந்தவர். ஆகவே ஊமத்தைப் புகையை நாட்டு வைத்தியம் என்றும் இன்ஹேலரை ஆங்கில மருந்து என்றும் பிரித்து வைத்துப் பேசுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஒரு காலத்தில் ஆங்கில மருத்துவரே எழுதிக் கொடுத்த மருந்து இது. அவர்கள் ஏன் அதைக் கைவிட்டார்கள் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

முதற்காரணம் அளவு. ஒரே வேலியோரம் நிற்கும் இரண்டு ஊமத்தைச் செடிகளில்கூடக் காரப் பொருளின் அளவு ஒன்றாக இருப்பதில்லை. மண், பருவம், செடியின் வயது, இலையா விதையா என்பதைப் பொறுத்து அது பலமடங்கு மாறும். அதற்கு மேல், எவ்வளவு இறுக்கமாகச் சுருட்டினோம், எத்தனை இழுப்பு, எவ்வளவு ஆழமாக இழுத்தோம் என்பவையும் சேர்கின்றன. மூச்சு அதிகம் திணறும் நாளில் மனிதர் அதிகம் இழுப்பார் என்பதால், உடல் தாங்கும் நிலையில் இல்லாத நாளில்தான் நஞ்சு கூடுதலாக உள்ளே போகிறது. விதைகள் கலந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். நூறு ஊமத்தை விதைகளில் ஏறத்தாழ 6 மில்லிகிராம் அட்ரோபின் இருக்கும் என்று நச்சியல் நூல்கள் கணக்கிடுகின்றன. 10 மில்லிகிராமைத் தாண்டினால் பெரியவர்களுக்கே உயிராபத்து உண்டு, குழந்தைகளுக்கு அதைவிட மிகக் குறைந்த அளவே போதும்.

இரண்டாவது காரணம், இந்த மருந்து நுரையீரலோடு நிற்பதில்லை. இரத்தத்தில் கலந்து உடல் முழுவதும் சென்று, எங்கெல்லாம் அந்த நரம்புக் கட்டளை இறங்குகிறதோ அங்கெல்லாம் அடைத்துக்கொள்கிறது. உமிழ்நீர் நின்று வாய் வறள்கிறது, வியர்வை நின்று உடல் கொதிக்கிறது, கருவிழியின் பாவை விரிந்து வெளிச்சம் கூசுகிறது, இதயம் படபடக்கிறது, குடல் அசைவு குறைகிறது, சிறுநீர்ப்பை சுருங்க மறுக்கிறது. மூளைக்குள்ளும் புகுவதால் பிதற்றல் வருகிறது. புரோஸ்டேட் வீக்கம் உள்ள முதியவர், கண் நீர் அழுத்த நோயில் (கிளாக்கோமா) குறுகிய கோண வகை உள்ளவர், இதயத் துடிப்பில் கோளாறு உள்ளவர், மறதி நோய் தொடங்கியவர் ஆகியோருக்கு இது கூடவே கூடாது. இளைப்புக்காக ஊமத்தையை நாடுகிறவர்கள் பெரும்பாலும் பீடி குடித்துத் தேய்ந்த முதியவர்கள். அதாவது, யாருக்கு ஆசை அதிகமோ அவர்களுக்கே ஆபத்தும் அதிகம். சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கும் குளோர்பெனிரமின், தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கப்படும் அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரைகளும் இதே நரம்புக் கட்டளையை ஓரளவு தடுப்பவை என்பதால், அவற்றோடு சேரும்போது விளைவு கூடும்.

சளி பற்றியும் ஒரு சொல். ஊமத்தை சளியை வற்றச் செய்கிறது என்று புகழ்ந்து சொல்வார்கள். வற்றுவது உண்மைதான், ஆனால் வற்றிய சளி கெட்டிப்பட்டுக் குழாயிலேயே ஒட்டிக்கொள்கிறது, அதை மேலே தள்ளும் நுண்ணிய மயிர்களின் அசைவையும் அட்ரோபின் மந்தப்படுத்துகிறது. இருமலோடு சளி வெளியேற வேண்டிய நோயாளிக்கு இது நன்மையன்று.

மூன்றாவது, புகை. புகையிலை இல்லாததால் மூலிகைச் சுருட்டு கெடுதியில்லை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. நிகோட்டின் இல்லை என்ற அளவுக்கு மட்டுமே அது சரி. எந்த இலையைக் கொளுத்தினாலும் கார்பன் மோனாக்சைடும், தாரும், நுண்துகள்களும், ஃபார்மால்டிஹைடு போன்ற எரிச்சலூட்டும் ஆவிகளும் எழும். துளசியானாலும் தூதுவளையானாலும் நெருப்புக்கு வேறுபாடு தெரியாது. விறகடுப்பில் பல்லாண்டுகள் சமைத்த பெண்கள் ஒரு பீடியும் தொடாமலே நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கு ஆளாவதை நாம் பார்க்கிறோமே, அந்த அடுப்பில் எரிந்தது வெறும் மரமும் சுள்ளியும்தான். (இளைப்புக்காரர் இருக்கும் அறையில் வெள்ளிக்கிழமை தோறும் சாம்பிராணி போடுவதும், இரவில் கொசுவர்த்திச் சுருள் கொளுத்துவதும் இதே கணக்கில்தான் சேரும். அதை வீட்டில் சொல்லிப் பாருங்கள், புரியும்.) 1970களில் கஞ்சாப் புகைக்கும் மூச்சுக்குழாயை விரிக்கும் தன்மை இருப்பதாக அளந்து கண்டார்கள், தொடர்ந்து புகைத்தவர்களுக்கு நாள்பட்ட இருமலும் சளியும் வந்ததையும் கண்டார்கள். சட்டம் தடுப்பது ஒருபுறம் இருக்க, மருந்தை நெருப்பில் ஏற்றி அனுப்பினால் மருந்தோடு நெருப்பின் கழிவும் கூட வரும் என்பதற்கு அது இன்னோர் எடுத்துக்காட்டு.

புகைக்காமல் மூலிகையையே பயன்படுத்தலாமே என்பது சித்தியின் வாதம். அது ஒதுக்கத்தக்க வாதமன்று. ஆடாதோடை இலையில் வாசிசின் என்ற பொருள் இருக்கிறது. இன்று இருமல் மருந்துகளில் சளியை இளக்கச் சேர்க்கப்படும் புரோம்ஹெக்சின், வாசிசினை அடியொற்றி உருவாக்கப்பட்டதுதான். அதன் இலையையும் உலர்த்திச் சுருட்டிப் புகைக்கும் வழக்கம் முன்பு இருந்தது, சில இடங்களில் ஊமத்தையோடு சேர்த்தும் சுருட்டினார்கள். ஆனால் ஆடாதோடையைப் புகைப்பதற்கு எந்தத் தேவையும் இல்லை. குடிநீராகவும் மணப்பாகாகவும் சித்த மருத்துவம் அதற்கு ஒழுங்கான வடிவங்களை வைத்திருக்கிறது. சளியோடு கூடிய இருமலுக்குத் துணை மருந்தாக, பதிவு பெற்ற சித்த மருத்துவரின் மேற்பார்வையில் அதைக் குடிப்பதில் எனக்கு மறுப்பில்லை. கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மை வாசிசினுக்கு உண்டு என்பதால் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். இழுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒரு தம்ளர் கஷாயம் மூச்சுக்குழாயை உடனே திறந்துவிடாது என்பதையும் மறக்கக் கூடாது.

நொச்சி இலை ஆவி பிடிப்பது மூக்கடைப்புக்கு இதமாக இருக்கும். இளைப்புக்கு அது மருந்தாவதில்லை. சூடான ஆவியும் காரமான வாசனையும் சிலருக்கு இழுப்பைத் தூண்டவும் செய்யும், கொதிநீர் கவிழ்ந்து சுட்டுக்கொள்ளும் குழந்தைகளும் உண்டு. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

இனி இன்ஹேலர் பக்கம் வருவோம். இன்ஹேலர் என்று ஒரே மருந்தாகப் பேசுவதுதான் பெரும்பாலான குழப்பங்களுக்கு வேர். அந்தப் பெட்டிக்குள் மூன்று வெவ்வேறு வகை மருந்துகள் இருக்கக்கூடும். முதல் வகை சால்பியூட்டமால் போன்றது. சில நிமிடங்களில் குழாயை விரிக்கும், நான்கிலிருந்து ஆறு மணி நேரம் நிற்கும். இரண்டாவது வகை பியூடெசொனைடு, பெக்லோமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகள். இவை உடனே எதையும் செய்வதில்லை, ஆனால் ஆஸ்துமாவின் அடிப்படையான குழாய் அழற்சியை நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக அடக்குபவை இவைதான். மூன்றாவது வகைதான் நம் கதைக்கு மிக நெருக்கமானது. 1970களின் நடுவில் ஜெர்மனியின் போரிங்கர் இங்கல்ஹைம் நிறுவனம் ஐரோப்பாவில் விற்பனைக்குக் கொண்டுவந்த இப்ராட்ரோபியம், அட்ரோபினின் மூலக்கூறைச் சற்றே மாற்றிச் செய்யப்பட்டது. மின்னூட்டம் ஏற்றப்பட்ட அந்த மூலக்கூறு நுரையீரலிலிருந்து இரத்தத்துக்குள் எளிதில் நுழையாது, நுழைந்த சிறிதளவும் மூளைக்குள் போகாது. அதன் வழிவந்த டியோட்ரோபியம் நாளொன்றுக்கு ஒருமுறை எடுத்தால் போதும்.

சித்தப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பீடியால் வரும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கு இன்று முதன்மையாகத் தரப்படும் மருந்துகளில் டியோட்ரோபியம் ஒன்று. அவர் அலமாரியில் பூட்டி வைத்திருந்ததும் அதுதான். ஊமத்தையின் நல்ல பாதியை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு, கெட்ட பாதியையும் சேர்த்துக் கொளுத்திக்கொண்டிருந்திருக்கிறார்.

அளவையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சால்பியூட்டமால் இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம், அதாவது ஒரு மில்லிகிராமில் பத்தில் ஒரு பங்கு. இன்று அழுத்தினாலும் அடுத்த மாதம் அழுத்தினாலும் அதே அளவு. மாத்திரையாக விழுங்கினால் மில்லிகிராம் கணக்கில் எடுக்க வேண்டிய மருந்தை நேராக நுரையீரலுக்கு அனுப்புவதால் இவ்வளவு குறைத்துக் கொடுக்க முடிகிறது. புகைபோடும் பழைய வழக்கத்தின் அடிப்படை எண்ணமும் இதேதான்: மருந்து வயிற்றைச் சுற்றிப் போகாமல் மூச்சு வழியே நேராகப் போக வேண்டும். அந்த எண்ணத்தில் பிழையில்லை. அதை நிறைவேற்ற அன்று நெருப்பைத் தவிர வேறு வாகனம் இல்லை.

இன்ஹேலருக்குக் குறைகள் இல்லையா? உண்டு. சால்பியூட்டமால் சிலருக்குக் கைநடுக்கத்தையும் படபடப்பையும் தரும். ஸ்டீராய்டு எடுத்தபின் வாய் கொப்பளிக்காவிட்டால் வாயில் பூஞ்சைப் புண் வரும். இப்ராட்ரோபியமும் டியோட்ரோபியமும் வாய் வறட்சியைத் தரும். புரோஸ்டேட் தொல்லை உள்ளவர்களுக்கு அரிதாகச் சிறுநீரை அடைக்கும். மருந்தை நுண்துளிகளாக்கித் தரும் நெபுலைசர் கருவியின் முகமூடி சரியாகப் பொருந்தாமல் இப்ராட்ரோபியம் கண்ணில் பட்டால் கண் நீர் அழுத்த நோயாளிக்கு வலியெடுக்கும். ஊமத்தையின் குணம் முழுவதுமாக அவற்றை விட்டுப் போகவில்லை, மிகவும் அடங்கியிருக்கிறது என்று சொல்லலாம். எனவே புரோஸ்டேட், கண் நோய்களை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

குழாய் விரிவதோடு நின்றுவிடும் எந்த மருந்துக்கும் இன்னொரு குறை உண்டு. ஊமத்தைப் புகைக்கும் அது பொருந்தும், சால்பியூட்டமாலுக்கும் பொருந்தும். இழுப்பு நின்றதும் நோயும் நின்றதாக மனிதர் நினைத்துக்கொள்கிறார். அழற்சி உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கிறது. ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டுதலான ஜினா, பெரியவர்களுக்கும் பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் சால்பியூட்டமாலை மட்டும் தனியாகக் கொடுப்பதை 2019 முதல் பரிந்துரைப்பதில்லை; ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலர் கூட இருக்க வேண்டும் என்கிறது. ஆகவே நீல நிறச் சால்பியூட்டமால் இன்ஹேலர் ஒன்றை மட்டும் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் மருத்துவரைப் பார்க்காமல் ஓட்டுகிறவரும், ஊமத்தை இழுக்கிறவர் அளவுக்கு இல்லாவிட்டாலும், தவறான பாதையில்தான் இருக்கிறார்.

பழகிவிடும் என்ற அச்சம் வேறு வகைப்பட்டது. இரத்த அழுத்த மாத்திரையை நாள்தோறும் எடுப்பவரை யாரும் அடிமை என்பதில்லை. நோய் நாள்பட்டதாக இருப்பதால் மருந்தும் நாள்பட்டதாக இருக்கிறது. மாறாக, ஸ்கோபோலமின் கலந்த ஊமத்தைப் புகைதான் மயக்கத்துக்காகவே நாடப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் ஆஸ்த்மடார் என்ற பெயரில் விற்ற ஆஸ்துமா பொடியை 1960களில் இளைஞர்கள் போதைக்காகப் பயன்படுத்தத் தொடங்கியதே, அங்கு அது கடைகளிலிருந்து மறையக் காரணங்களில் ஒன்றாயிற்று.

செலவில் ஊமத்தை வெல்கிறது. வேலியோரம் காசில்லாமல் கிடைப்பதோடு எந்த மருந்தும் போட்டியிட முடியாது. ஆனாலும் சால்பியூட்டமால், பியூடெசொனைடு, இப்ராட்ரோபியம் ஆகியவை இந்தியாவின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் இருப்பதால் அவற்றின் விலைக்கு உச்சவரம்பு உண்டு. அரசு மருத்துவமனையில் கேட்டுப் பார்ப்பதிலும் கூச்சம் வேண்டியதில்லை. சித்தப்பாவின் இரண்டு நாள் மருத்துவமனைச் செலவில் ஓராண்டுக்குரிய இன்ஹேலரை வாங்கியிருக்கலாம்.

உண்மையான இடர்ப்பாடு கைப்பழக்கத்தில் இருக்கிறது. இன்ஹேலர் பயனில்லை என்று சொல்பவர்களில் பலர் அதை வாய்க்குள் அடித்து நாக்கிலேயே படியவிடுகிறவர்கள். குலுக்கி, மூச்சை முழுவதும் வெளியே விட்டு, உதட்டை இறுக மூடி, அழுத்திக்கொண்டே மெதுவாக உள்ளிழுத்து, பத்து வினாடி அடக்க வேண்டும். முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இந்த ஒத்திசைவு கைவராது என்பதால் ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குடுவையைச் சேர்த்துக்கொள்வது நல்லது. பீடி குடித்துப் பழகியவர்கள் வேகமாக உறிஞ்சுவார்கள். சித்தப்பாவுக்கு அதை மாற்றவே ஒரு வாரம் பிடித்தது.

சித்த மருத்துவத்தை எதிர்த்து இதை எழுதவில்லை. ஊமத்தையின் வலிமையை அறிந்ததால்தான் அந்த மரபு அதைப் பெரும்பாலும் புறமருந்தாக வைத்தது. ஆறாப் புண்ணுக்குத் தடவும் மத்தன் தைலம் ஊமத்தை இலைச் சாற்றில் காய்ச்சப்படுவதே. உள்மருந்தாக எடுக்கும்போது, நச்சைத் தணிக்கும் பக்குவமான சுத்தி செய்யாமல் சேர்ப்பதில்லை. 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுப்பொருள்கள் சட்டத்தின் விதிகளிலும், சித்த மருத்துவத்தின் நச்சுப் பொருள்களைத் தொகுத்த பட்டியலில் ஊமத்தை இடம்பெற்றிருக்கிறது. அது சேர்ந்த உள்மருந்துகளை மருத்துவ மேற்பார்வையில்தான் எடுக்க வேண்டும் என்று மேலுறையில் அச்சிட வேண்டும். தெரிந்தவர் சுருட்டிக் கொடுத்த இலைக்கு மேலுறை ஏது?

ஆகவே என் முடிவு இப்படி அமைந்தது. இளைப்பு நோய்க்கு ஊமத்தை உட்பட எந்த இலையின் புகையும் எந்த வயதினருக்கும் வேண்டாம். அன்றாட மருந்து, நோய் ஆஸ்துமாவா அடைப்பு நோயா என்று ஊதிப் பார்க்கும் சோதனையில் உறுதிசெய்த பிறகு மருத்துவர் தரும் இன்ஹேலர். ஆடாதோடை மணப்பாகு விருப்பமிருந்தால் துணையாக, இருவகை மருத்துவருக்கும் தெரிவித்துவிட்டு. ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க முடியாமல் போனாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, சால்பியூட்டமால் எடுத்தும் தணியாவிட்டாலோ காத்திருக்காமல் 108ஐ அழைப்பது. வண்டி வரும்வரை ஸ்பேசர் வழியாகச் சால்பியூட்டமாலைத் தொடர்வது. யாராவது ஊமத்தையைப் புகைத்தோ தின்றோ பிதற்றினால், விடிந்தால் தெளிந்துவிடும் என்று படுக்க வைக்காமல் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்வது. மிச்சமிருக்கும் இலையையோ காயையோ கூடவே கொண்டுபோய், வெட்கப்படாமல் உள்ளதைச் சொல்வது. சித்தப்பாவுக்கு மூளைக்காய்ச்சலோ என்று மருத்துவர்கள் முதலில் ஐயுற்று நேரம் கழிந்ததற்கு, சுருட்டைப் பற்றி நாங்கள் வாய் திறக்காததே காரணம்.

டப்பாவில் மிச்சம் ஏழு சுருட்டுகள் இருந்தன. குப்பையோடு கொளுத்திவிடலாமா என்று தம்பி கேட்டான். சித்தி அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கொல்லையில் முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டச் சொன்னார். புதைத்த பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவும்வரை கண்ணைக் கசக்காதே என்றும் சொன்னார்.